சீட்டு வாங்கும் வழியிலேயே பாதி உதவி இருக்கிறது
கல்லூரிக் கட்டணம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை எந்தக் கோர்ஸ் நல்லது என்று கேட்டு எழுதுகிறவர்கள், ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து பணத்துக்கு என்ன வழி என்று கேட்கிறார்கள். இந்த இதழில் அந்தக் கேள்விகள் மட்டும்.

என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள். இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 148. "கவுன்சலிங்கில் உருப்படியான கல்லூரி கிடைக்காது, இப்போதே 25,000 கட்டி மேனேஜ்மென்ட் சீட்டை உறுதி பண்ணிவிடுங்கள், ஸ்காலர்ஷிப் எல்லாம் கல்லூரியே வாங்கித் தந்துவிடும்" என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். கட்டலாமா?
– வாசகி, பண்ருட்டி

கட்ட வேண்டாம். கவுன்சலிங் முடியும்வரை யாரிடமும் அசல் சான்றிதழையும் கொடுக்க வேண்டாம். அட்வான்ஸைவிட அதுதான் பெரிய பிடி. டி.சி.யும் மார்க் ஷீட்டும் அவர்கள் கையில் போய்விட்டால், நாளைக்குக் கவுன்சலிங்கில் இதைவிட நல்ல இடம் கிடைத்தாலும் உங்களால் அசைய முடியாது.

உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவிகள் கவுன்சலிங் சீட்டோடு ஒட்டியே வருகின்றன. முதலாவது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளிலும் இது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. 7.5-க்குத் தனித் தரவரிசை என்பதால், பொதுப் பட்டியலில் 148-க்கு என்ன கிடைக்கும் என்று பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. உங்களைக் கூப்பிடுகிறவர் இதைச் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்குக் கமிஷன் போய்விடும்.

மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. நடுவில் ஒரே ஒரு வருடம் அங்கே படித்திருந்தாலும் 7.5 கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு உண்டு. கவுன்சலிங் விண்ணப்பத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் எந்தப் பள்ளி, எந்த வருடம் என்று கேட்கும் இடத்தைப் பிரவுசிங் சென்டர் பையனிடம் விட்டுவிடாதீர்கள். பள்ளியில் போய்ப் பதிவேட்டைப் பார்த்து எழுதி வாங்கி, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். அதில் ஒரு வருடம் பிசகினால் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

7.5-இல் கிடைக்காமல் பொதுக் கவுன்சலிங்கில் கிடைத்தாலும், குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகை இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த கேள்வியில். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையும் மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. கட்டணமே இரண்டு விதம். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு விதித்த உச்சவரம்பில், அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000 ரூபாய் (அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000), மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000 (87,000). ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. நான்கு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். "கல்லூரியே வாங்கித் தரும் ஸ்காலர்ஷிப்" என்பது பெரும்பாலும் ஏற்றிச் சொன்ன கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதுதான். இரண்டாம் வருடம் அது இருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன், நிராகரித்துவிட்டார்கள். என் அண்ணன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். அதுதான் காரணமா? மறுபடி போடலாமா?
– மாணவர், அறந்தாங்கி

டிப்ளமோ பட்டம் அல்ல; அது காரணமாக இருக்கக் கூடாது. ஆனால் உங்கள் அண்ணன் அதன் பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்து, அங்கே இந்தச் சலுகையை ஏற்கெனவே வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

இங்கே குடும்பம் என்பது அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களோடு நிற்பதில்லை. அப்பாவழி, அம்மாவழி தாத்தா பாட்டியும் அடக்கம். அம்மாவழித் தாத்தா அந்தக் காலத்து பி.ஏ. என்றால் கதவு மூடிவிட்டது. பலர் இதைக் கவனிப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலர் ஊரில் விசாரிக்கும்போது தெரிந்துவிடுகிறது. சித்தப்பா, மாமா பட்டதாரியாக இருப்பது பாதிக்காது.

நிராகரிப்புக்கான காரணம் இ-சேவை விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒரு வரியில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: குடும்ப அட்டையில் உள்ள ஒருவரின் கல்வி விவரம் விடுபட்டது, உடன்பிறந்தவரின் டி.சி. அல்லது மார்க் ஷீட் இணைக்காதது, சுய உறுதிமொழியில் கையெழுத்து இல்லாதது. சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம். போட்ட கையோடு வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து, வீட்டில் ஒவ்வொருவரின் படிப்பையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பம் அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளர், பிறகு தாசில்தார் அலுவலகம் என்று போக வேண்டும். ரிசல்ட் வரும் நாள்களில் அந்த மேசைகளில் கட்டுக்கட்டாக நிற்கும். அடுத்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில், பொதுத் தேர்வு முடிந்த வாரமே போட்டுவிடுவது நல்லது.

இதற்கு வருமான வரம்பு இல்லை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வரும் தொழிற்படிப்பு இடங்களுக்குத்தான் பொருந்தும். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழிந்துவிடும். கையில் பணமாக வராது. கவுன்சலிங் விண்ணப்பத்திலேயே "முதல் பட்டதாரி" என்று குறித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குள் ஏற்றிவிட வேண்டும். கல்லூரியில் சேர்ந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

புதுமைப் பெண் திட்டத்தில் தோழிகளுக்கெல்லாம் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எனக்கு மட்டும் வரவில்லை. பேங்கில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது" என்கிறார்கள். கல்லூரியில் கேட்டால் "பேங்கில் போய்க் கேள்" என்கிறார்கள்.
– மாணவி, திருவாரூர்

இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு விஷயத்தைச் சொல்கிறார்கள். உங்கள் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது ஒன்று. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேரே எந்த வங்கி இருக்கிறது என்பது இன்னொன்று. இதைத்தான் சீடிங் என்கிறார்கள். ஓர் ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரே வங்கிதான் இருக்க முடியும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அதுவே நிற்கும். பத்தாம் வகுப்பில் ஒரு கணக்கு, கல்லூரியில் சேர்ந்ததும் வளாகத்து வங்கியில் ஒரு கணக்கு என்று வைத்திருப்பவர்களுக்குப் பணம் பழைய கணக்கில் போய் விழுந்திருக்கும். முதலில் அந்தப் பழைய பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பாருங்கள்.

ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து உள்ளே போனால் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்று ஒரு பகுதி இருக்கும். எந்த வங்கி, செயலில் இருக்கிறதா என்பதை அது காட்டும். வேறு வங்கியைக் காட்டினாலோ, ஒன்றுமே இல்லை என்றாலோ, உங்களுக்கு வேண்டிய கிளையில் சீடிங் படிவம் கேட்டு எழுதிக் கொடுங்கள். வாயால் "லிங்க் பண்ணுங்கள்" என்றால் கே.ஒய்.சி.யை (அடையாள விவரப் பதிவை) மட்டும் முடித்து அனுப்பிவிடுவார்கள். சில நாள் கழித்து அதே பகுதியில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சீடிங் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கணக்கின் வகையைப் பாருங்கள். சிறு வயதில் பெற்றோர் பெயரோடு தொடங்கிய மைனர் கணக்கு, 18 முடிந்ததும் கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் புதுப்பிக்காவிட்டால் முடங்கிவிடும். முழு ஆவணங்கள் இல்லாமல் தொடங்கிய "ஸ்மால் அக்கவுன்ட்"டில் எந்த நேரத்திலும் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவும் கூடாது. மாதம் ஆயிரத்துக்கு இது இடிக்காது. அரசு உதவித்தொகைக்கு இருப்பு வரம்பு பொருந்தாது என்று விதி இருந்தாலும், கல்விக் கட்டண உதவித்தொகை மொத்தமாக வரும்போது சிக்கல் வரலாம்.

கல்லூரிப் பக்கம் கேட்க வேண்டியது ஒன்றே. கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். யு.எம்.ஐ.எஸ். (கல்லூரி மாணவர் விவரத் தளம்) பதிவில் உங்கள் பள்ளி இ.எம்.ஐ.எஸ். எண் (பள்ளி மாணவர் விவரத் தள எண்), ஆதாரில் உள்ளபடி பெயர், படிப்பு, எந்த ஆண்டு ஆகியவை சரியா என்று அவரிடம் திரையில் காட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் பெயர்த் தகராறு எல்லாம் இனிஷியலில்தான் வருகிறது. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் அவசரத்தில் செய்யாதீர்கள்.

2022 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டம் 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மேலே சொன்ன சிக்கல்கள் அதற்கும் அப்படியே பொருந்தும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இந்த ஆயிரம் தடைபடாது. தொலைநிலைக் கல்விக்கு மட்டும் கிடையாது.

மகனுக்குக் கவுன்சலிங்கில் இடம் கிடைத்துவிட்டது. நான்கு வருடத்துக்கு 3.8 லட்சம் கல்விக் கடன் கேட்டேன். மேனேஜர் முதலில் வீட்டுப் பத்திரம் கேட்டார். பிறகு "உங்கள் ஏரியா எங்கள் கிளைக்கு வராது" என்றார். கடைசியில் சிபில் சரியில்லை என்கிறார். எதை நம்புவது?
– வாசகர், சங்கரன்கோவில்

முதல் இரண்டையும் தள்ளிவிடுங்கள். மூன்றாவதை மட்டும் கவனியுங்கள்.

4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். நம் பங்கு என்று ஒரு தொகையும் போட வேண்டியதில்லை. 4 லட்சத்துக்கு மேல் போனால்தான் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம். 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி வங்கிக்குப் பின்னால் நிற்கிறது. அதன் கீழ் கொடுக்கும் கடனுக்கும் பத்திரம் வேண்டாம். வீடு எந்தக் கிளையின் எல்லையில் இருக்கிறது என்ற காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ஆனாலும் உங்கள் குடும்பத்தின் வரவு செலவு நடக்கும் கிளையில் கேட்பதே நடைமுறையில் எளிது.

சிபில் விவகாரம் வேறு. கடன் மாணவர் பெயரிலும் பெற்றோர் பெயரிலும் சேர்ந்தே வருவதால் பெற்றோரின் பழைய கடன் வரலாற்றை வங்கி பார்க்கிறது. பாதி கட்டி "செட்டில்மென்ட்" செய்த பைக் லோன், யாருக்கோ ஜாமீன் போட்ட கடன், நின்றுபோன கிரெடிட் கார்டு எல்லாம் அங்கே தெரியும். வருடத்துக்கு ஒரு முறை சிபில் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம், எடுத்துப் படியுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டினால் அந்த நிறுவனத்தில் நிலுவையின்மைச் சான்று வாங்கி, சிபிலில் மறுப்புப் பதிவு செய்யுங்கள். உண்மையிலேயே பாக்கி இருந்தால் அப்பாவுக்குப் பதில் அம்மாவைக் கூட்டுக் கடன்தாரராக வைக்க முடியுமா என்று கேளுங்கள். மாணவருக்கும் கூட்டுக் கடன்தாரருக்கும் பான் கார்டு வேண்டும். மகனுக்கு 18 முடியவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்திட்டு, 18 ஆனதும் அவன் ஒப்புதல் கையெழுத்துப் போடுவான்.

வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். கல்விக் கடன் விண்ணப்பத்துக்கான வித்யாலட்சுமி போர்ட்டலில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகள் வரை அனுப்பலாம். அதில் போட்டால் தேதியோடு பதிவு இருக்கும். மறுப்பதானால் காரணத்தைப் பதிய வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி கிளை மேலாளர் தானாகக் கல்விக் கடனை மறுக்க முடியாது, மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். "சார், காரணத்தை எழுத்தில் கொடுங்கள், ரீஜனல் ஆபீஸில் பேசிக்கொள்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்துக்குப் பல பத்திரங்கள் தேவையற்றுப் போகும். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) ஆன்லைனில் இலவசமாகப் போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 3.8 லட்சம் என்பது கல்விக் கட்டணம் மட்டும் என்று தோன்றுகிறது. விடுதி, தேர்வு, புத்தகம், லேப்டாப், திருப்பித் தரக்கூடிய டெபாசிட் எல்லாவற்றுக்கும் கடனில் இடம் உண்டு. கல்லூரியிடம் போனஃபைடு சான்றிதழோடு நான்கு வருடத்துக்கும் ஆண்டு வாரியாகக் கட்டண விவரம் வாங்கும்போது விடுதியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு முறை சாங்ஷன் ஆன தொகையை மூன்றாம் வருடத்தில் ஏற்றச் சொல்லி நடப்பது பெரும் அலைச்சல். தேவையில்லாவிட்டால் எடுக்காமல் விடலாம். எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை.

முதல் செமஸ்டர் கட்டணத்தைச் சேர்ந்த சில நாளிலேயே கட்ட வேண்டியிருக்கும். கடன் அதற்குள் வராது. கையிலிருந்து கட்டினால் ரசீதை வைத்து அந்தத் தொகையைத் திருப்பித் தருவார்களா என்று விண்ணப்பிக்கும் அன்றே கேளுங்கள். பல வங்கிகள் தருகின்றன. கடனோடு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றால், அது விருப்பம்தான், கட்டாயம் இல்லை என்று சொல்லலாம். கல்லூரி வாசலிலேயே ஸ்டால் போட்டு "பத்து நிமிடத்தில் லோன்" என்று கூப்பிடும் நிதி நிறுவனங்களுக்குப் பிணை, கிளை எல்லை பற்றி மேலே சொன்ன விதிகள் பொருந்தாது. பல இடங்களில் அடுத்த மாதமே தவணை தொடங்கும்.

படிக்கும் காலத்தில் வட்டி கட்ட வேண்டாம் என்கிறார்களே, பிறகு ஏன் கடன் ஒன்றரை மடங்காகத் தெரிகிறது?
– வாசகர், ஓசூர்

கட்ட வேண்டாம் என்றால் வட்டி இல்லை என்று பொருள் இல்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் மொரட்டோரியம். அதுவரை தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். தவணை தொடங்கும் அன்று அது அசலோடு சேர்ந்துவிடும்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. மொத்தம் 1,40,000. ஆக தவணை தொடங்கும்போது கடன் 5,40,000. பத்து வருடத்தில் கட்டினால் மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய்.

வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான். நான்காம் வருடத்தில் 3,333 ஆகும். அப்படிக் கட்டியவருக்குத் தவணை 4 லட்சத்துக்குத்தான், மாதம் ஏறத்தாழ 5,290. ஐந்து வருடத்தில் 1.4 லட்சம் கட்டி, பிறகு பத்து வருடத்தில் 2.2 லட்சம் மிச்சம். படிக்கும்போது வட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீத வட்டித் தள்ளுபடியும் மாதிரித் திட்டத்தில் உண்டு. மாணவிகளுக்குப் பல பொதுத்துறை வங்கிகள் அரை சதவீதம் குறைக்கின்றன. முடியாத குடும்பம் கடன் வாங்கி வட்டி கட்ட வேண்டாம். முதல் இரண்டு வருடம் மட்டும் கட்டினாலும் பலன் உண்டு.

ஆனால் இந்தக் கணக்குக்கு முன் ஒன்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள், தொழிற்படிப்பு அல்லது தொழில்நுட்பப் படிப்பு, கல்லூரிக்கு நாக் (கல்லூரித் தர மதிப்பீட்டுக் குழு) அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (தொழிற்படிப்புத் தர வாரியம்) அங்கீகாரமோ உண்டு என்றால், மொரட்டோரியக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசின் வட்டி மானியம் ஏற்கும். அப்போது நீங்கள் எதற்குக் கட்ட வேண்டும்? இந்த மானியத்தைக் கேட்டு வாங்க வேண்டியது வங்கி. கடன் சாங்ஷன் ஆகும்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, "வட்டி மானியத்துக்கு" என்று எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் படிப்பை விட்டால் மானியம் நின்றுவிடும். மருத்துவக் காரணத்துக்கு விலக்கு உண்டு.

வித்யாலட்சுமி, பி.எம். வித்யாலட்சுமி இரண்டும் ஒன்றா?
– மாணவர், கரூர்

இல்லை. முதலாவது 2015-இல் வந்த விண்ணப்ப வாசல். எல்லாக் கல்லூரிக்கும் உண்டு. இரண்டாவது 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தனித் திட்டம், தனி போர்ட்டல். தேசியத் தரவரிசையில் முன்னணியில் உள்ளவை, மத்திய அரசு நிறுவனங்கள் என்று தேர்ந்த கல்வி நிலையங்களுக்கு மட்டும், தொடக்கத்தில் 860. உங்கள் கல்லூரி பட்டியலில் இருந்தால் பிணையும் ஜாமீனும் இல்லாமல் முழுச் செலவுக்கும் கடன் கேட்கலாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு மொரட்டோரியக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்குகிறவர்களுக்கு இந்த 3 சதவீதம் இல்லை. எது பெரியது என்று கணக்குப் போட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இங்கும் இடமில்லை.

நாங்கள் ஆதிதிராவிடர் வகுப்பு. வருமானம் 2.5 லட்சத்துக்குள்தான். போஸ்ட் மெட்ரிக் உண்டு என்று நம்பிச் சேர்த்தோம். கல்லூரி முழுக் கட்டணத்தையும் இப்போதே கட்டச் சொல்கிறது. பணம் எப்போது வரும்?
– வாசகி, செய்யாறு

இத்திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம். மாநிலப் பங்கு விடுவித்த பிறகுதான் மத்தியப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கு வரும். எனவே பணம் இரண்டு தவணையாக, இரண்டு வேறு நாளில் வருவதும், கல்வியாண்டின் பின்பாதியில் வருவதும் வழக்கம். கல்லூரிக்கும் இது நன்றாகத் தெரியும். ஆகவே மாநில உதவித்தொகை போர்ட்டலில் முதலில் விண்ணப்பத்தை முடித்து, அந்த ஒப்புகைத் தாளைச் சாதிச் சான்று, வருமானச் சான்றோடு இணைத்து, "உதவித்தொகை வந்ததும் கட்டுகிறேன்" என்று முதல்வருக்கு எழுதிக் கொடுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் மனு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தால் இன்னும் வேகம்.

கணக்கில் வரும் கட்டணப் பணம் கல்லூரிக்குக் கட்ட வேண்டியது. வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் ஹால் டிக்கெட் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். அதோடு வரும் கல்விப்படி உங்கள் மகளுக்கே: பி.இ. போன்ற தொழிற்பட்டப் படிப்பில் விடுதியில் தங்குகிறவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போகிறவருக்கு 7,000. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் வந்ததால் தானாக வரும் என்று இருந்துவிடுகிறவர்கள்தான் இரண்டாம் வருடம் இழக்கிறார்கள்.

மத்திய அரசு ஸ்காலர்ஷிப் எது எது இருக்கிறது? ஒன்றுக்கு மேல் போடலாமா?
– மாணவி, மேட்டூர்

எல்லாவற்றையும் எழுத இடம் போதாது. நம் மாணவர்கள் தவறவிடும் இரண்டைச் சொல்கிறோம்.

பிளஸ் டூவில் உங்கள் பாடப்பிரிவில் தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், கல்லூரி மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகை இளநிலையில் ஆண்டுக்கு 12,000, முதுநிலையில் 20,000. பி.ஏ., பி.எஸ்ஸி. மாணவர்களுக்கும் உண்டு, டிப்ளமோவுக்கு இல்லை. புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். இன்னொன்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி: அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டமோ டிப்ளமோவோ சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000, வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு இதே தொகையில் சக்ஷம்.

இரண்டுக்கும் தேசிய உதவித்தொகை போர்ட்டலில்தான் விண்ணப்பம். முதலில் ஆதாரைக் கொண்டு ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் போனால் முக அடையாளச் சரிபார்ப்பிலேயே நாள் போய்விடும். நீங்கள் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே தள்ள வேண்டும். அவர் தள்ளாமல் விட்ட விண்ணப்பம் கடைசித் தேதி தாண்டினால் செத்ததுதான். விண்ணப்பித்த பிரதியை அவர் கையில் கொடுத்து, ஒரு வாரம் கழித்து நிலையைப் பாருங்கள். இந்த இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

அப்பாவுக்குச் சொந்தக் கடை. உதவித்தொகைக்கு 96,000 என்று வருமானச் சான்று வாங்கியிருக்கிறோம். லோனுக்கு 5 லட்சம் காட்டும் ஐ.டி. ரிட்டர்ன் கேட்கிறார்கள். இரண்டையும் கொடுக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

கொடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே ஆதாரில், ஒரே பானில் தொங்குகின்றன. வட்டி மானியம் கேட்கும்போது ஒன்றுக்கொன்று முட்டும். மானியம் போவதோடு, வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் நிலையும் வரலாம். ரிட்டர்னில் உள்ள வருமானத்துக்கே சான்றிதழ் வாங்குங்கள். 5 லட்சம் என்றால் 2.5 லட்சம், 4.5 லட்சம் வரம்புள்ளவை போய்விடும். 8 லட்ச வரம்புள்ளவையும், வரம்பே இல்லாத முதல் பட்டதாரி சலுகையும் இருக்கின்றன.

"உங்களுக்கு 40,000 ரூபாய் ஸ்காலர்ஷிப் தேர்வாகியிருக்கிறது, பதிவுக் கட்டணம் 499" என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. உண்மையா?
– மாணவர், தாம்பரம்

பொய். மேலே சொன்ன எந்த உதவித்தொகைக்கும் பதிவுக் கட்டணம் கிடையாது. ஓ.டி.பி. கேட்டுக் கூப்பிட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் உடனே 1930-ஐ அழைத்துச் சொல்லிவிட்டு, வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்தி வையுங்கள்.